சைக்கிள் சீட்டுக்கு அடியில் தொங்கும் குட்டிப் பை: ஒரு வரலாறு

இந்த இழை கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க. ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் சைக்கிளை எடுத்துக்கிட்டு ஐம்பது, நூறு கிலோமீட்டர் போறவங்க கட்டாயம் படிங்க. அவங்க திரும்பி வர்ற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டு இருக்கிறவங்களும் படிங்க.

சில வருஷத்துக்கு முன்னாடி. ஞாயிறு காலை ஏழரை மணி. அவசர சிகிச்சைப் பிரிவில் நான் டியூட்டி. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை மூன்று நண்பர்கள் காரில் தூக்கி வந்தார்கள். குழுவாக ஓட்டிக்கொண்டிருந்தபோது முன்னால் போனவர் திடீரென்று பிரேக் பிடிக்க, இவர் மோதி விழுந்திருக்கிறார். ஹேண்டில்பார் நுனியில் இருக்கவேண்டிய மூடி இல்லை. வெறும் குழாய். அது உள்தொடையில் குத்தி இறங்கிவிட்டது.

நண்பர்கள் சும்மா இருக்கவில்லை. காயத்துக்கு மேலே சைக்கிள் டியூபைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கட்டு அரைகுறை. ஆழத்தில் இருக்கிற தமனியை அடைக்கிற அளவுக்கு இறுக்கம் இல்லை, மேலோட்டமாக இருக்கிற சிரைகளை அடைக்கிற அளவுக்கு மட்டும் இருந்தது. அதாவது ரத்தம் காலுக்குள்ளே போகுது, திரும்பி மேலே வர வழியில்லை. அப்போ எங்கே போகும்? காயம் வழியாக வெளியே. கட்டினதால் கசிவு அதிகமாகியிருந்தது.

டியூபை அவிழ்த்துவிட்டு, காயத்துக்குள் காஸ் துணியைத் திணித்து, இரண்டு கையாலும் என் உடம்பு எடை முழுவதையும் வைத்து அழுத்தினேன். பத்து நிமிஷம் கையை எடுக்கவில்லை. அப்புறம் ஆபரேஷன் தியேட்டர். பிழைத்துக்கொண்டார்.

அன்று மதியம் அவருடைய பை நர்ஸ் மேசையில் கிடந்தது. சைக்கிள் சீட்டுக்கு அடியில் மாட்டுவாங்களே, அந்தக் குட்டிப் பை. நர்ஸ் பட்டியல் எழுதுவதற்காகத் திறந்தார். டயர் லீவர் மூன்று, பஞ்சர் பேட்ச் டப்பா, சொல்யூஷன் டியூப், உப்புத்தாள், மடக்குக் கருவி ஒன்று, செயின் இணைப்புத் துண்டு, காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பி இரண்டு. சைக்கிளுக்கு என்ன வியாதி வந்தாலும் அதற்கு மருந்து அந்தப் பையில் இருந்தது. ஆளுக்கு ஒரு துண்டு பஞ்சு கூட இல்லை.

இதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த சைக்கிள்காரர்கள் பத்துப் பேர் பையைத் திறந்தால் ஒன்பது பேருடையது இப்படித்தான் இருக்கும். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. ஏன் இப்படி என்று தேட ஆரம்பித்ததில் 140 வருஷம் பின்னால் போய் நின்றேன்.

முதல் ஆள் தாமஸ் ஸ்டீவன்ஸ். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1884 ஏப்ரல் 22 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டார். அவருடைய வண்டி நாம் இன்றைக்கு ஓட்டுகிற மாதிரி இல்லை. முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய சக்கரம், பின்னால் தம்மாத்தூண்டு சக்கரம். பழைய படங்களில் பார்த்திருப்பீங்க. அதில் 104 நாளில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். வழியில் பாதை இல்லாத இடமெல்லாம் தள்ளிக்கொண்டு நடை.

அங்கே நிற்கவில்லை. மறு வருஷம் கப்பல் ஏறி இங்கிலாந்து, ஐரோப்பா, துருக்கி, ஈரான். ஆப்கானிஸ்தானில் விடவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுற்றிக்கொண்டு இந்தியா வந்து லாகூர், டெல்லி, ஆக்ரா வழியாகக் கல்கத்தா வரை மிதித்தார். பிறகு சீனா, ஜப்பான். 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் முடித்தபோது சுமார் 13,500 மைல், நம் கணக்கில் 21,000 கிலோமீட்டருக்கு மேல். சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் என்று வரலாறு இவரைத்தான் சொல்கிறது.

கிளம்பும்போது அவர் எடுத்துக்கொண்டு போன சாமான்கள்: காலுறைகள், ஒரு மாற்றுச் சட்டை, ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. அவ்வளவுதான். அந்த மழைக்கோட்டே ராத்திரியில் கூடாரம், அதுவே படுக்கை.

இந்தப் பட்டியலில் இல்லாததைப் பாருங்க. பஞ்சர் சாமான் இல்லை. தேவைப்படவும் இல்லை, ஏன்னா அது காற்றே இல்லாத கெட்டி ரப்பர் டயர். அவருக்கு ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. அந்தப் பெரிய சக்கரம் ஒரு கல்லில் தடுக்கினால், ஓட்டுகிறவர் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து தலைகுப்புற விழுவார். கால் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ளும் என்பதால் தலையும் மணிக்கட்டும்தான் முதலில் தரையைத் தொடும்.

இப்போ 1888. இந்த வருஷத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற ஸ்காட்லாந்துக்காரர். தொழில்: கால்நடை மருத்துவர். (நம்ம ஜாதிதான், நோயாளிக்கு மட்டும் நாலு கால்.) தன் மகனின் மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தெருவில் குலுங்குவதைப் பார்த்து, ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். அந்த வருஷமே காப்புரிமை வாங்கினார். இதே யோசனைக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845லேயே காப்புரிமை வாங்கியிருந்தது பிறகு தெரியவந்து, டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது தனிக்கதை.

அதே 1888. அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் முதலுதவிப் பெட்டி என்ற ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. யாருக்காக? ரயில்வே தொழிலாளிகளுக்காக. தண்டவாளம் போடுகிற இடத்தில் கை கால் நசுங்கினால் ஆஸ்பத்திரி நூறு மைல் தள்ளி இருக்கும். டாக்டர் வர்ற வரைக்கும் ஆள் தாங்கணும். அதற்குக் கிருமிநீக்கிய கட்டுத்துணி, பஞ்சு, தையல் நூல் எல்லாம் ஒரு பெட்டிக்குள்.

காற்றடைத்த டயரும் முதலுதவிப் பெட்டியும் ஒரே வருஷத்தில் பிறந்தவை. இரண்டுமே ஊரை விட்டுத் தள்ளிப் போகிறவர்களுக்கானவை. ஆனால் இரண்டும் ஒரே பைக்குள் சேர்ந்திருப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. என் நோயாளியின் பையில் அன்றைக்கும் வந்திருக்கவில்லை.

டயர் வேலை மட்டும் மின்னல் வேகத்தில் நடந்தது. டன்லப் டயரில் ஒரு வில்லங்கம்: அதைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். 1889இல் பிரான்ஸின் கிளெர்மோன் ஃபெராண் ஊரில் மிஷலின் சகோதரர்களின் ரப்பர் தொழிற்சாலைக்கு ஒரு சைக்கிள்காரர் பஞ்சரான வண்டியோடு வந்தார். பிரித்து ஒட்டவே மூன்று மணி நேரத்துக்கு மேல். பசை காய ராத்திரி முழுக்க வைக்கணும். காலையில் எடுத்து ஓட்டினால் கொஞ்ச தூரத்தில் மறுபடி பஞ்சர். இது சரிப்படாது என்று, கழற்றி மாட்டக்கூடிய டயரை 1891இல் கொண்டுவந்தார்கள். கால் மணி நேரத்தில் வழியிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

அந்த வருஷம் செப்டம்பரில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயம். சார்ல் தெரோன் என்பவர் அந்தப் புது டயரைப் போட்டுக்கொண்டு, தூங்காமல் 71 மணி நேரத்துக்குச் சற்று மேல் மிதித்து ஜெயித்தார். அப்புறம் யாருக்கும் விளம்பரம் தேவைப்படவில்லை. டயர் லீவர், ஒட்டுத் துண்டு, சொல்யூஷன், பம்ப். சைக்கிள் பையின் முதல் பாதி மூன்றே வருஷத்தில் ரெடி.

இப்போ எனக்கு ரொம்பப் பிடித்த கதைக்கு வர்றேன். இதில் ஒரு டாக்டரும் இருக்கார்.

1897 ஜூன் 14. அமெரிக்காவின் மொன்டானா மாநிலம், மிசூலா கோட்டை. 25ஆவது காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த 20 சிப்பாய்கள் சைக்கிளில் புறப்பட்டார்கள். எல்லோரும் கறுப்பினத்தவர். அந்தக் காலத்து அமெரிக்க ராணுவத்தில் கறுப்பினத்தவருக்குத் தனிப் படைப்பிரிவு, மேலே வெள்ளை அதிகாரி. அதிகாரியின் பெயர் லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ். குதிரைக்குப் பதில் சைக்கிள் போதுமா என்று பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கம். கூடவே ஒரு பத்திரிகையாளர், ஒரு ராணுவ மருத்துவர். டாக்டர் ஜேம்ஸ் கென்னடி. அவரும் சைக்கிளில்தான். போகவேண்டிய இடம் செயின்ட் லூயிஸ். தூரம் 1,900 மைல், 3,000 கிலோமீட்டருக்கு மேல்.

இவர்கள் சாமான் கட்டிய விதத்தைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆளுக்கு ஒரு கம்பளி, பாதிக் கூடாரம். இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒரு முழுக் கூடாரம் வரும். மாற்று உள்ளாடை, இரண்டு ஜோடிக் காலுறை, பல் துலக்கும் பிரஷ். இரண்டு பேருக்கு ஒரு துண்டு, ஒரு சோப்பு. சீப்பும் தீப்பெட்டியும் ஒவ்வொரு சிறு குழுவின் தலைவனிடம் மட்டும். உதிரி டயர், ஸ்போக்ஸ் கம்பி, செயின், பெடல், கருவிகள் எல்லாம் குழுவில் பங்கு பிரித்து ஏற்றப்பட்டன. ஜான் ஃபிண்ட்லி என்ற சிப்பாய் முன்பு சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அவர்தான் மெக்கானிக். சாப்பாடு இரண்டு நாளுக்கு மட்டும், நூறு மைலுக்கு ஒரு இடத்தில் முன்கூட்டியே அனுப்பி வைத்திருந்தார்கள். இவ்வளவு கணக்குப் பார்த்தும் வண்டியும் சுமையுமாகச் சராசரி 27 கிலோ. முதுகில் துப்பாக்கி, 50 தோட்டா தனி.

குழுவாகப் போகிறவர்கள் எல்லாரும் எல்லாவற்றையும் தூக்கவேண்டியதில்லை. யாரிடம் என்ன இருக்கிறது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கணும். இதை 1897இலேயே எழுதி வைத்து நடத்தியிருக்கிறார்கள்.

மழை, சேறு, மலையேற்றத்தில் ஆலங்கட்டி, பனி. எல்லாவற்றையும் தாண்டிவிட்டார்கள். டயர் போனால் ஒட்டிக்கொண்டார்கள், கம்பி உடைந்தால் மாற்றிக்கொண்டார்கள். அவர்களைச் சாய்த்தது நெப்ராஸ்கா மாநிலத்தின் மணல் மேடுகள். சுமார் 170 மைல் மணல். சைக்கிள் உருளாது. ரயில் தண்டவாளத்தின் கட்டைகள் மேலே குலுங்கிக் குலுங்கி ஓட்டினார்கள், மற்ற நேரம் தள்ளினார்கள். வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட், நம்ம வேலூர் அக்னி நட்சத்திரம் மாதிரி. கடக்க நாலரை நாள்.

அங்கே கிடைத்த தண்ணீர் கார உப்பு கலந்தது. சோடியம் கார்பனேட், சல்பேட் வகை உப்புகள். மருத்துவர்களுக்கு இது உடனே புரியும். சல்பேட் உப்பு பேதி மருந்து. மலச்சிக்கலுக்கு அந்தக் காலத்தில் கொடுத்த பேதி உப்பு இதே குடும்பம். குடலுக்குள் போய் உடம்பிலிருக்கிற தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளும். தாகத்துக்குக் குடிக்கிற தண்ணீரே உடம்பை வறட்டிவிடும். குடிக்கக் குடிக்க பேதி, பேதியால் இன்னும் தாகம். ஆள் மாற்றி ஆள் படுத்தார்கள். தலைவர் மாஸே விழுந்துவிட்டார். அவர் தேறும் வரை படையை நடத்திப் போனவர் டாக்டர் கென்னடி.

கென்னடியின் இடத்தில் என்னை வைத்து யோசித்துப் பார்த்தேன். கையில் அந்தக் காலத்து மருந்துகள் இருந்திருக்கும். ஆனால் உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த தண்ணீர் ஒரு மனிதனை எழுப்பி உட்கார வைக்கும் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அது உலகத்துக்குத் தெரிய இன்னும் முக்கால் நூற்றாண்டு பாக்கி.

ஜூலை 24 அன்று செயின்ட் லூயிஸ் சேர்ந்தார்கள். 41 நாள், அதில் 34 நாள் ஓட்டம். ஊரே திரண்டு வந்து வரவேற்றது. திரும்பிப் போக ராணுவம் ரயில் டிக்கெட் கொடுத்தது. அடுத்த வருஷம் ஸ்பெயினோடு போர், சைக்கிள் படை அத்தோடு மறக்கப்பட்டது. குழுவில் மூத்தவரான சார்ஜென்ட் மிங்கோ சாண்டர்ஸுக்கு அப்போது 39 வயது, ஒரு கண்ணில் பார்வை குறைவு, இருந்தும் கடைசி வரை ஓட்டினார். 1906இல் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் ஊரில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டுக்காக, விசாரணையே இல்லாமல் 167 கறுப்பினச் சிப்பாய்களை ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பணிநீக்கம் செய்தார். அதில் சாண்டர்ஸும் ஒருவர். ஓய்வூதியம் கிடையாது. 1972இல் ராணுவம் அந்த ஆணையை ரத்து செய்தபோது அவர் உயிரோடு இல்லை. பைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைதான். எழுதாமல் கடக்க மனசு வரலை.

ஓஆர்எஸ் கதையை இங்கேயே சொல்லிடறேன். 1971, வங்கதேசப் போர். எல்லையில் பங்கான் அகதி முகாமில் காலரா. டிரிப் பாட்டில் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கலந்து, டிரம்மில் ஊற்றி, உறவினர்களையே குடிக்க வைக்கச் சொன்னார். முகாமில் முப்பது சதவீதம் வரை இருந்த சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. குளுக்கோஸ் கூட இருந்தால் குடல் சோடியத்தை உள்ளே இழுக்கும், சோடியத்தின் பின்னாலேயே தண்ணீரும் வரும். நெப்ராஸ்கா மணலில் நடந்ததற்கு நேர் எதிர் வேலை. அந்தப் பாக்கெட் நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பில் ஒரு டீ விலைக்குக் கிடைக்குது, எடை சில கிராம்.

அதில் ஒரு சின்ன விஷயம், சைக்கிள்காரர்கள் எல்லாரும் தப்பு பண்றாங்க. பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. உங்க சைக்கிள் பாட்டில் 500 அல்லது 750 மில்லி. முழுப் பாக்கெட்டையும் அதில் கொட்டினால் உப்பு அதிகமாகி, தாகமும் வாந்தியும்தான் வரும். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட் வாங்குங்க. கணக்கு சுலபம்.

வரலாற்றுக்குத் திரும்புவோம். 1913, டூர் டி பிரான்ஸ் பந்தயம். பிரனீஸ் மலைத்தொடரில் டூர்மலே கணவாய். யூஜீன் கிறிஸ்டோஃப் இறங்கிக்கொண்டிருக்கும்போது முன்சக்கர ஃபோர்க் உடைந்தது. விதி என்னவென்றால் யாருடைய உதவியும் வாங்கக்கூடாது. எல்லாவற்றையும் போட்டியாளரே செய்துகொள்ளணும். வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து செயின்ட் மரி த கம்பான் என்ற கிராமத்தில் ஒரு கொல்லன் பட்டறைக்குப் போனார். தானே இரும்பைக் காய்ச்சி, தானே அடித்து, ஒட்டி முடிக்கச் சில மணி நேரம். பந்தய அதிகாரிகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு கையும் வேலையில் இருந்ததால், துருத்தி ஊத ஒரு சின்னப் பையன் உதவினான். அதற்குப் பத்து நிமிஷம் அபராதம் போட்டார்கள். பிறகு மூன்றாகக் குறைத்தார்களாம், ரொம்பப் பெருந்தன்மை.

இந்தக் கதையை உலகம் முழுக்க சைக்கிள்காரர்கள் வீரக்கதையாகச் சொல்கிறார்கள். வீரம்தான், மறுக்கலை. ஆனால் இதில் ஒரு கெட்ட பழக்கமும் ஒளிஞ்சிருக்குன்னு எனக்குத் தோணுது. தன் வண்டியைத் தானே சரிசெய்பவன்தான் உண்மையான ஓட்டி, அடுத்தவன் உதவி கேட்பது அவமானம். இந்த எண்ணத்தில்தான் பை நிரம்பியது. அதனால்தான் அதில் கருவி மட்டுமே இருக்கு. வண்டி உடைந்தால் தனியாகச் சரிபண்ணலாம். நீங்களே உடைந்தால் அடுத்தவர்தான் சரிபண்ணணும். அப்போ அந்தப் பையைத் திறக்கப்போவது நீங்க இல்லை, யாரோ முகம் தெரியாத ஒருத்தர். அவருக்குப் புரிகிற மாதிரி பையில் என்ன இருக்கு?

இந்த இடத்தில் என் நோயாளியின் தொடையில் கட்டியிருந்த டியூபுக்கு வரணும். ரப்பரைச் சுற்றி ரத்தத்தை நிறுத்துவது அந்த நண்பர்கள் கண்டுபிடித்ததில்லை. ஜெர்மனியின் கீல் நகர அறுவை மருத்துவர் ஃபிரீட்ரிஷ் எஸ்மார்க் 1873இலேயே ரப்பர் பட்டையைக் காலில் இறுக்கிச் சுற்றி ரத்தமில்லாமல் அறுவை செய்து காட்டினார். இன்றைக்கும் எலும்பு ஆபரேஷனில் எஸ்மார்க் பேண்டேஜ் என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். அவருக்கு முன்னாலேயே, 1718இல், பிரான்ஸின் ழான் லூயி பெத்தி திருகாணி வைத்த டூர்னிகேயை உருவாக்கியிருந்தார். கட்டுக்குள் ஒரு திருகு இருந்தால்தான் தமனி அடைபடும் அளவுக்கு இறுகும். 300 வருஷம் முன்னாடியே தெரிந்த விஷயம். வெறும் முடிச்சு போதாது.

எஸ்மார்க் செய்த இன்னொரு வேலைதான் எனக்கு இதைவிடப் பெரிசு. சாதாரண சிப்பாய்க்கும் புரியணும் என்று முக்கோணத் துணிக்கட்டின் மேலேயே படம் அச்சடித்தார். தலையில் இப்படிக் கட்டு, தோளில் இப்படி, முழங்காலில் இப்படி என்று. அந்தத் துணியை எடுப்பவர் மருத்துவம் படிக்காதவர் என்பது தெரிந்து செய்த வேலை. 1881இல் லண்டனுக்குப் போய் அங்கே பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்பு நடப்பதைப் பார்த்து, மறு வருஷம் கீலில் தானும் ஆரம்பித்தார். டாக்டர்களில் சிலருக்கே அது பிடிக்கவில்லை. பாமரனுக்கு வைத்தியம் சொல்லிக் கொடுப்பதா என்று கோபம். இன்றைக்கும் அந்தக் கோபத்தை நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

டூர்னிகே நடுவில் கெட்ட பெயர் வாங்கியது. போர்களில் மணிக்கணக்கில் அவிழ்க்காமல் விட்டுக் கால் அழுகிப் போனதால், நாங்க படிக்கும்போது கூட அதைக் கட்டாதே என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். 2006இல் பாக்தாத் ராணுவ மருத்துவமனையில் டாக்டர் ஜான் கிராக் குழு கணக்கெடுத்த பிறகு அது மாறியது. ரத்தம் வடிந்து மயங்குவதற்கு முன்பே, சரியான கருவியால், இறுக்கிக் கட்டினால் உயிர் தப்புகிறது என்று தெரிந்தது. 2015இலிருந்து அமெரிக்காவில் பொதுமக்களுக்கே இதைப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

தலைக்கவசம் பற்றி வேகமாகச் சொல்லிடறேன். 1935 மே மாதம், இங்கிலாந்தின் டார்செட் பகுதி. அரேபிய லாரன்ஸ் என்று பெயர் பெற்ற டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளில் வரும்போது, வழியில் சைக்கிளில் போன இரண்டு சிறுவர்களைத் தவிர்க்கப் போய் விழுந்தார். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் நரம்பு அறுவை நிபுணர் ஹியூ கேர்ன்ஸ். அந்தச் சாவு அவரை விடவில்லை. 1941இல் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயம் பற்றிக் கட்டுரை வெளியிட்டார், பிரிட்டிஷ் ராணுவம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. சைக்கிள் பந்தயக்காரர்கள் மட்டும் அசையவில்லை. 1991இல் கட்டாயமாக்கப் பார்த்தபோது வேலைநிறுத்தமே செய்தார்கள். 2003 மார்ச்சில் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தானின் ஆந்த்ரேய் கிவிலெவ் தலைக்கவசம் இல்லாமல் விழுந்து இறந்த பிறகுதான் விதி வந்தது.

சரி டாக்டர், பையில் என்ன வைக்கிறது? அதானே கேட்கறீங்க.

டியூப், லீவர், பேட்ச், குட்டி பம்ப், மடக்குக் கருவி இருக்கட்டும். அதை எடுக்கச் சொல்லலை. காற்றுக்குப் பம்ப் இருந்தால் குப்பி இரண்டும் வேண்டாம், அந்த இடம் எனக்கு வேணும். அங்கே நாலு அங்குல அகல கிரேப் பேண்டேஜ் ஒன்று, பிரிக்காத கிருமிநீக்கிய காஸ் பாக்கெட் மூன்று, கையுறை ஒரு ஜோடி, அம்மா புடவையிலிருந்தோ அப்பா வேட்டியிலிருந்தோ வெட்டித் துவைத்த ஒரு பெரிய முக்கோணத் துணி. காலர் எலும்பு உடைவதுதான் சைக்கிளில் விழுகிறவர்களுக்கு அடிக்கடி நடப்பது. அந்தத் துணியில் கையைத் தொங்கவிட்டால் பாதி வலி போய்விடும். ஓஆர்எஸ் சின்னப் பாக்கெட் மூன்று. ஊட்டி, ஏற்காடு பக்கம் போறவங்க மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்குகிற பளபளப்புப் போர்வை ஒன்று. அது இல்லாத காலத்தில் மலை இறங்கும்போது நெஞ்சுக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொள்வார்கள், அதுவும் மோசமில்லை. சமவெளிக்காரங்களும் கேளுங்க: ரத்தம் அதிகம் போனவர் மே மாத வெயிலிலும் குளிர்ந்துபோவார். குளிர்ந்த ரத்தம் சரியாக உறையாது. அவரைப் போர்த்தணும்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நாலு டீஸ்பூன் சர்க்கரையைப் பொட்டலம் கட்டி வச்சுக்கோங்க. பந்தயக்காரங்க விற்கிற ஜெல்தான் வேணும்னு இல்லை.

திருகு வைத்த டூர்னிகே ஆளுக்கு ஒன்று வேண்டாம். பத்துப் பேர் குழுவுக்கு ஒன்று, மிசூலாக்காரங்க தீப்பெட்டி வச்சிருந்த மாதிரி, ஒருத்தரிடம். ஆனால் அவர் அதைக் கட்டப் பழகியிருக்கணும், மற்ற ஒன்பது பேருக்கும் அது யாரிடம் இருக்குன்னு தெரியணும். பழகாதவங்க அதைத் தொடவே வேண்டாம். காஸைக் காயத்தில் வைத்து, அல்லது ஆழமான காயமானால் உள்ளே திணித்து, இரண்டு கையாலும் அழுத்துங்க. நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. பெரும்பாலான ரத்தப்போக்கு அதிலேயே நிற்கும். டியூபை எடுத்துக் கட்டாதீங்க, அது சக்கரத்துக்கு.

கடைசியாக, எடையே இல்லாத ஒன்று. ஒரு அட்டை. பெயர், ரத்த வகை, சாப்பிடுகிற மருந்து, ஒவ்வாமை, இரண்டு போன் நம்பர். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடறவங்க அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்க. 2005இல் இங்கிலாந்தில் பாப் புரோச்சி என்ற ஆம்புலன்ஸ் ஊழியர், அவசரத்துக்கு அழைக்கவேண்டிய எண்ணைப் போனில் தனிப்பெயரில் சேமித்து வையுங்கள் என்று ஒரு பழக்கத்தைக் கிளப்பிவிட்டார். நல்ல யோசனை. ஆனால் இன்றைக்கு எல்லா போனும் பூட்டு. கீழே விழுந்தால் திரையும் உடையும். லேமினேட் செய்த அட்டை உடையாது.

வழியில் யாராவது விழுந்து கிடந்தால் நிறுத்துங்க. 108 அழையுங்க. போலீஸ், கேஸ் என்று பயப்படாதீங்க. 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற வழிகாட்டுதல்களும் 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் உதவி செய்கிறவரைப் பாதுகாக்கின்றன. உங்க பெயரைக்கூடச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை.

பின்னூட்டத்தில் கட்டாயம் ஒருத்தர் கேட்பார், அதனால் இப்போதே சொல்லிடறேன். அந்தத் தொடைக்காயக்காரர் மூன்று மாசம் கழித்து ரிவ்யூவுக்கு வந்தார். நல்லா நடக்கிறார், மறுபடி ஓட்ட ஆரம்பிச்சுட்டார். ஹேண்டில்பாருக்கு இரண்டு பக்கமும் மூடி போட்டாச்சாம். பையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன், கொண்டுவந்தார். பேண்டேஜ், காஸ், அட்டை எல்லாம் கச்சிதமாக இருந்தது. பஞ்சர் டப்பாவைத் திறந்து பார்த்தால் சொல்யூஷன் டியூப் மூடி தளர்ந்து, உள்ளே கல்லாகக் காய்ந்து கிடந்தது. புதுசு வாங்கிப் போடச் சொல்லி அனுப்பினேன்.